குளிர் நாட்டில் கொடி ரோஜா

படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே ஈந்தான் பாரி. கொடிக்குச் செய்யும் உதவி அதனை மேலே ஏற்றிவிடுவதே என்பது நம் தென்னாட்டு அனுபவம். கடுங்குளிர்ப் பிரதேசங்களிலோ, ஏறிய கொடியைப் பருவமறிந்து கீழே இறக்குவதே பேருதவியாகும்.

ரோஜாக்கள் யாவும் குளிருக்கு அஞ்சுவன அல்ல. ஆயினும், மென்மையான கொடி ரோஜாக்கள் பல, மணிப்பூர்க் குன்றுகளிலும் பர்மாவிலும் தாமாகவே வளரும் ரோஸா ஜைகான்டியாவின் வழிவந்தவை. 1864-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் தோன்றிய ‘மார்ஷல் நீல்’ என்னும் மஞ்சள் ரோஜாவும் அம்மரபினதே. இங்கிலாந்தில் அதனைக் கண்ணாடி வீடுகளில் வைத்துப் பேணினார்கள். இதமான குளிருக்குப் பழகிய இந்த மரபுக்கு ஆழ்ந்து உறங்கத் தெரியாது.

இத்தகைய கொடியை ஸ்ரீநகரில் வளர்க்க என்ன செய்யலாம்? அங்கே டிசம்பர் 21-இல் தொடங்கும் கடுங்குளிர் 40 நாட்கள் நீடிக்கிறது. ‘சில்லை கலான்’ என்பது அதன் பெயர். 2021 ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 8 டிகிரியையும் தாண்டி இறங்கியது. நீர் நிறைந்த இளந்தண்டில் பனிக்கட்டி உறையும்போது, அது உயிரணுக்களின் நீரை உறிஞ்சி அவற்றைச் சிதைத்துவிடுகிறது. முற்றிய தண்டு ஓரளவு தாங்கும். இவ்வகைகளில் முதற் பூப்பு பெரும்பாலும் சென்ற ஆண்டின் தண்டுகளில் கிளைக்கும் சிறு கிளைகளில் வருவது. ஆதலின், வேர் பிழைத்தும் தண்டு மடியுமானால், அவ்வசந்தத்தில் பூ இல்லை.

பாதுகாப்பு ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும். தழைச்சத்து உரத்தை நிறுத்துவோம். நீரையும் படிப்படியாகக் குறைப்போம். கடைசி மலர்களைக் கொய்யாமல் காய்க்க விடுவோம். வளர்ச்சியை நிறுத்தி முற்றுவதற்குக் கொடிக்கு அதுவே குறிப்பு. இலையுதிர் காலத்தில் கத்தரிக்கோலைத் தொடாதிருப்பது நலம். வெட்டிய இடத்தில் புதுத் தளிர் கிளம்பினால் முதற் பனியிலேயே கருகும்.

நவம்பரில் இரண்டு மூன்று இலேசான உறைபனிகள் கண்டபின் கட்டுகளை அவிழ்த்து, தண்டுகளைச் சேர்த்துத் தளர்வாகக் கட்டுவோம். ஒரே நாளில் வளைத்தால் அடித்தண்டு முறியும். சில நாட்களில் சிறிது சிறிதாகச் சாய்த்துத் தரையில் படுக்கவைத்து, கவைக்குச்சிகளால் பிணைப்போம். ஒட்டுக்கட்டிய இடத்தின்மேல் ஓரடி உயரம் மண் குவித்து, தண்டுகளின்மீது அரையடி மண் பரப்புவோம். காஷ்மீரத்தார் கங்ரிக்குக் கரியாக்கச் சேர்க்கும் சினார்ச் சருகில் இரண்டு சாக்கு அளவு இதற்கென ஒதுக்கினால், அது நல்ல போர்வையாகும். சருகு நனைந்து அழுகாதபடி மேலே பாய் விரிக்கவேண்டும். அதன்மேல் விழும் வெண்பனியைத் தள்ள வேண்டாம். அதுவும் குளிரைத் தடுக்கும்.

மார்ச்சில் ஒரு நாள் வெயில் சுரீரெனக் காய்ந்ததும் மூடியதை முழுதும் அகற்றிவிட மனம் துடிக்கும். ஜனவரியில் பிழைத்த கொடி மடிவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான். மேகமூட்டமான நாட்களில் சிறிது சிறிதாக விலக்கிவருவோம். மொட்டுகள் பருத்த பின்னரே பட்ட நுனிகளை வெட்டுவோம். எஞ்சிய தண்டுகளைச் செங்குத்தாக நிறுத்தாமல், பந்தற் கம்பிகளில் கிடையாகப் பரப்பிக் கட்டினால், கணுதோறும் கிளை கிளம்பும். கிளைதோறும் மொட்டு வரும்.