எடை ஏறட்டும், படிப்படியாக!

(பொங்கல் விழாவன்று நம் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டரும் இல்லை, கோச்சும் இல்லை. தினமும் காலை ஆறு மணிக்கு நம் ஜிம்மில் இருப்பவன், அவ்வளவுதான்.

போன வருஷம் ஒருநாள், தாம்பரத்தில் ரயிலைப் பிடிக்கும் அவசரம். வார்ம்-அப் செய்யாமல் பெஞ்ச் பிரஸ்ஸில் நேராக 60 கிலோ போட்டேன். பக்கத்தில் ஒரு தம்பி 70 போட்டுக்கொண்டிருந்தார்; விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. தோள்பட்டை பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் சட்டை மாட்டவே வீட்டில் உதவ வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் பிரமிட் செட்டுக்கு மாறினேன்.

விஷயம் எளிது. எடை ஏற ஏற எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். உதாரணமாக 30 கிலோ 12 முறை, 35 கிலோ 10 முறை, 40 கிலோ 8 முறை. நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்கு, அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டெலோர்ம் படிப்படியாக எடை கூட்டும் பயிற்சியைத்தான் கொடுத்தார். பின்னாளில் அதைப் பாதி எடை, முக்கால், பிறகு முழு எடை என மூன்று செட்டாக அமைத்தார். ஒவ்வொன்றும் 10 முறை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. மொத்த உழைப்பு சமமாக இருந்தால், ஒரே எடையில் செய்தாலும் தசை ஏறத்தாழ அதே அளவுதான் வளரும். ஆனால் பெரிய எடைக்கு முன் மூட்டுகள் சூடாகிவிடும். இன்று உடம்பு ஒத்துழைக்கிறதா என்பது முதல் செட்டிலேயே தெரிந்துவிடும்.

நம்ம வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்டு கோஸ்ட்டில் 144, 173, ஆக 317 கிலோ, மீண்டும் தங்கம். பளுதூக்கும் மேடையில் கம்பியில் எடை ஏறுமே தவிர இறங்காது. தங்கம் உறுதியானதும் கடைசி வாய்ப்பை அவர் பயன்படுத்தவே இல்லை. எங்கே நிறுத்துவது என்று அவருக்கே தெரிகிறது. நமக்குத் தெரிய வேண்டாமா?

மூன்றே வேண்டுகோள்கள். முதல் செட் எப்போதும் லேசாக இருக்கட்டும். பெஞ்ச் பிரஸ் தனியாகச் செய்யாதீர்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். பிபி, இதயப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள்.

பெண்களும் பெரியவர்களும் தயங்க வேண்டாம். வயதாக ஆகத்தான் தசை கரைகிறது. தரையிலிருந்து எழுந்திருக்கவும் படியேறவும் அதுதான் தேவை. ஒரு கிலோ டம்பெல்லில் தொடங்கினாலும் அதுவும் பிரமிட்டின் அடிக்கல்தான்.

காலை ஆறு மணிக்குப் பார்ப்போம்.