நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும்

(ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பச்சைமலை அடிவாரத்து நம் மஹல்லாவில் சென்ற ஆண்டு நாம் தொழவைத்த ஜனாஸாக்களில் ஒன்று நம் மனத்தை விட்டு அகலவில்லை. துறையூரில் அளந்தபோது அப்பெரியவருக்கு இரத்த அழுத்தம் மேல் எண் 170, கீழ் எண் 70. "கீழ் எண் சரியாகத்தானே இருக்கிறது ஹஜ்ரத்! மேல் எண் வயதானால் ஏறத்தான் செய்யும்" என்றார்கள். நாமும் தலையசைத்தோம். ஐந்தாம் மாதம் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. அஜல் அல்லாஹ்விடம் உள்ளது. எனினும் அறியாமல் தலையசைத்தது நம் குறையே. பின்னர் மருத்துவர் ஒருவரிடம் கேட்டறிந்ததையே இங்கு எடுத்துரைக்கின்றோம்.

இரத்தம் வாய்க்கால் நீர்போல் ஒரே சீராக ஓடுவதில்லை. இதயம் நாளொன்றுக்குச் சுமார் 1,00,000 முறை சுருங்கி அதனை உந்தித் தள்ளுகிறது. மணிக்கட்டில் நாம் தொட்டுணரும் நாடி அவ்வுந்துதலின் அலையாகும். மேல் எண் அலையின் உச்சி. கீழ் எண் இதயம் தளர்ந்திருக்கையில் எஞ்சும் அழுத்தம். 120, 80 எனில் இடைவெளி 40. இளமையில் பெருந்தமனி ரப்பர்போல் விரிந்து அவ்வுந்துதலை ஏற்று, பிறகு சுருங்கி இரத்தத்தை மெல்ல முன்னே செலுத்தும். முதுமையும் சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் அதனை விறைக்கச் செய்கின்றன. விரிய இயலாததால் மேல் எண் ஏறும். விரியாதது சுருங்கித் தள்ளவும் இயலாததால் கீழ் எண் இறங்கும். அப்பெரியவருக்கு இடைவெளி 100! ஒவ்வொரு துடிப்பின் அடியும் தணியாமல் மூளை, சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்கள்வரை சென்று தாக்கியிருக்கிறது. நாம் ஆறுதலாகக் கருதிய அந்த 70 உண்மையில் விறைப்பின் அடையாளம்.

மருத்துவம் பேச மவ்லவிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். இதயத்தின் வலப்புற இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்று 13ஆம் நூற்றாண்டில் எழுதிய இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்கள், கெய்ரோவில் ஷாஃபிஈ ஃபிக்ஹும் போதித்தவர்கள், 1288இல் வஃபாத்தானார்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் மாத்திரை வீட்டுவாசலுக்கே வந்தது. வாங்கி அலமாரியில் வைப்போரும், ரமளான் பிறந்ததும் தாமாகவே நிறுத்திவிடுவோரும் நம்மில் உளர். மாத்திரை வேளையை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்ற இயலுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இயலாத நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. நோன்புக் கஞ்சியோடு ஊறுகாய்க்குக் கை நீளும்போது இதுவும் நினைவிருக்கட்டும்.

அறுபதைக் கடந்தவர்கள் ஷஅபான் மாதத்திலேயே அழுத்தத்தை அளந்து, இரண்டு எண்களையும் தாளில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். எம்மிடம் காட்டித் தலையசைப்பை வாங்கிச் செல்ல வேண்டாம்.