வண்ண மீன் வளர்ப்பும் நீரின் இயல்பும்

(ஐதராபாத், குகட்பள்ளியில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பயின்ற ஒருவன் மீன் தொட்டியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். ஆனால் வண்ண மீன் வளர்ப்பு வெறும் பொழுதுபோக்கன்று. சிறிய இடத்தில் நடத்தக்கூடிய குடிசைத் தொழிலும் ஆகும். சென்னை கொளத்தூரில் பல குடும்பங்கள் வீட்டை ஒட்டியே தொட்டிகள் அமைத்து, மீன் குஞ்சுகளை உற்பத்தி செய்து, நாட்டின் பல நகரங்களுக்கு அனுப்பி வருகின்றன. 2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம், கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்பு அலகு ஒன்றின் செலவை 3 இலட்சம் ரூபாய் என வகுத்தது. அதில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 60 விழுக்காடும் மானியமாக வகுக்கப்பட்டது. எஞ்சிய தொகை பயனாளியின் சேமிப்பு அல்லது கடன்.

இத்தகைய முயற்சிக்கான திட்ட அறிக்கை ஒன்றை ஒருமுறை படித்தேன். தொட்டி, தீவனம், காற்றூட்டும் கருவி, தாய் மீன் ஆகிய அனைத்திற்கும் கணக்கு இருந்தது. நீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீர் இலவசமாகக் கிடைப்பதால் அதை எவரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் இத்தொழிலின் இலாப நட்டத்தை முதலில் தீர்மானிப்பது நீரே.

நீரில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது கடினத்தன்மை, அதாவது நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகளின் அளவு. இரண்டாவது, பி.எச். எனப்படும் அமில-கார அளவு. மூன்றாவது, மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் தோன்றும் அம்மோனியா.

இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நீரில் உள்ள அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று கொடிய நஞ்சு, மற்றது பெரும்பாலும் தீங்கற்றது. 25 பாகை வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால், நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் அது ஏறத்தாழ 5 பங்காகவும், 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகவும் உயரும்.

இதை நான் பட்டறிந்தே கற்றேன். என் வீட்டுத் தொட்டியைப் பல வாரங்கள் கவனியாமல் விட்டிருந்தேன். ஒரு ஞாயிறன்று பாதி நீரை இறைத்துவிட்டு, ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றினேன். மறுநாள் காலையில் நீர் பளிங்குபோல் இருந்தது. மீன்கள் செத்து மிதந்தன. பழைய நீர் அமிலமாகி, அம்மோனியாவைத் தீங்கற்ற வடிவில் அடக்கி வைத்திருந்திருக்க வேண்டும். காரமான புதுநீர் அதை நஞ்சாக மாற்றிவிட்டது என்பது பின்னரே விளங்கிற்று. சிறிது சிறிதாக மாற்றியிருந்தால் மீன்கள் பிழைத்திருக்கும். நகராட்சிக் குழாய் நீரானால், அதிலுள்ள குளோரினைச் சோடியம் தயோசல்பேட்டால் நீக்கிய பின்னரே ஊற்ற வேண்டும்.

அம்மோனியாவை இயற்கையே அகற்றும் வழியும் உண்டு. தொட்டியின் வடிகட்டியில் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன; வேறொரு வகை, அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் போதிய அளவில் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் தொட்டியை மீனால் நிரப்புவது, முதலைத் தண்ணீரில் கரைப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்து, எந்த மீனைத் தேர்ந்தெடுப்பது? ஐதராபாத் கருங்கல் பாறைமேல் அமைந்த நகரம். இங்கு நிலத்தடி நீர் பல இடங்களில் கடின நீரே. நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்ற அமேசான் பகுதி மீன்கள் மென்மையான, சற்றே அமிலமான நீரில் இனப்பெருக்கம் செய்பவை. கடின நீரில் அவை உயிர் வாழலாம். ஆனால் முட்டைகள் சரிவரக் கருவுறா, பொரியா. மாறாக, குட்டி ஈனும் கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவற்றுக்குக் கடின நீர் உகந்ததே. விலை அதிகம் என்பதற்காக நியான் டெட்ராவைத் தேடுவதைவிட, உள்ளூர் நீருக்கேற்ற மோலியை வளர்ப்பதே அறிவுடைமை. ஒவ்வொரு வட்டாரமும் தனக்கு இயல்பாக வாய்த்ததை உற்பத்தி செய்க என்னும் பொருளாதாரப் பாடம் இங்கும் பொருந்தும்.

மென்னீர் மீன்தான் வேண்டுமெனில், மழைநீர் கைகொடுக்கும். லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள கிணற்று நீர் ஒரு பங்குடன் மூன்று பங்கு மழைநீர் சேர்த்தால், கடினத்தன்மை ஏறத்தாழ 100 ஆகக் குறையும். மழைநீரை மட்டும் தனியே பயன்படுத்தலாகாது, அதில் பி.எச். அளவை நிலைநிறுத்தும் உப்புகள் இல்லை.

அலுவலர்களாகிய உங்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. கடன் விண்ணப்பத்துடன் நீர்ப் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. தொட்டி பக்குவமடையும் வாரங்களையும் குஞ்சுகள் வளரும் மாதங்களையும் கணக்கிட்டு, அதன் பின்னரே தவணை தொடங்குமாறு விதியுங்கள். மாணவர்களே, உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அருகிலுள்ள கிணறுகளின் நீரைச் சோதித்து, முடிவுகளை மக்களிடம் சேர்ப்பியுங்கள். மீன் இறந்தாலும் கடன் இறப்பதில்லை. அந்தச் சுமை ஓர் ஏழைக் குடும்பத்தின் தலையில் ஏறாமல் காப்பதற்கு, நீரைப் பற்றிய இச்சிறு அறிவு பெரிதும் உதவும்.