இன்னொரு வாட்டி, அப்பா!

(குறுவள மையக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழிப்பாடத்தில் பாடல்களைக் கையாள்வது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் இசை ஆசிரியர் அல்லன். ஆறு முதல் எட்டு வரை தமிழ் நடத்தும் பட்டதாரி ஆசிரியர். குரல் வளமும் கிடையாது. ஆகவே வகுப்பறையை விட்டுவிட்டு என் வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

கடந்த டிசம்பரில் என் கைபேசியில் உள்ள பாட்டுச் செயலி, 'இந்த ஆண்டு நீங்கள் அதிகம் கேட்ட பாடல்கள்' என்று ஒரு பட்டியல் அனுப்பியது. பெருமையாக ஆசிரியர் அறையில் திறந்து காட்டினேன். முதலிடத்தில் ஒரு ரயில் பாட்டு. அடுத்து யானைப் பாட்டு. மூன்றாவது சுறாமீன் பாட்டு. முதல் பத்தில் இளையராஜா ஒரு இடத்தில்கூட இல்லை. "சார், உங்களுக்கு வயசு நாற்பத்து நாலா, நாலா?" என்று கணித ஆசிரியை கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

பட்டியல் பொய் சொல்லவில்லை. முன்பெல்லாம் ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் வண்டலூர், பெருங்களத்தூர் தாண்டித் தாம்பரம் இறங்குவதற்குள் மூன்று பாட்டு கேட்டுவிடுவேன். வீட்டுக்குத் திரும்பியதும் சமையலறையிலும் பாட்டு ஓடும். இப்போது மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவனுக்கு இரண்டரை. என் மனைவி செவிலியர். அவருக்கு இரவுப் பணி உள்ள வாரங்களில் சோறூட்டுவதும் தூங்கவைப்பதும் என் பொறுப்பு. கைபேசி என்னுடையது, அதில் ஓடும் பாட்டு அவர்களுடையது.

ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். சோறு இறங்கினால் போதும் என்று கைபேசியை இளையவன் முன்னால் வைத்துவிட்டு, நான் விடைத்தாள் திருத்தினேன். பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. நம் சென்னையிலேயே 2013இல் ஒரு தந்தை தன் மகளுக்காகச் செய்த காணொலியிலிருந்து வளர்ந்ததுதான் உலகமெங்கும் குழந்தைகள் பார்க்கும் சூச்சூ டிவி. 2016இல் கொரிய நிறுவனம் ஒன்று வெளியிட்ட சுறாமீன் பாட்டு, 2020 நவம்பரில் யூடியூபில் உலகிலேயே அதிகம் பார்க்கப்பட்ட காணொலி ஆனது. அதில் என் வீட்டுப் பங்கும் கொஞ்சம் உண்டு.

அந்தச் சுறாமீன் பாட்டை என் மகன் முழுக்கப் பாடுவான். ஆனால் தாகம் எடுத்தால் தண்ணீர்க் குடத்தைக் கைகாட்டி, 'ம்... ம்...' என்பான். ஒரு நாள் சட்டென்று எனக்கு அது உறைத்தது. இரண்டு முதல் நான்கு வயது வரை திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. குற்றம் பாட்டின் மேல் இல்லை. பாட்டைக் கையில் கொடுத்துவிட்டு நான் எழுந்து போய்விட்டேன், அதுதான் குற்றம்.

நவம்பர் மழையில் ஓர் இரவு மின்சாரம் போனது. கைபேசியிலும் சார்ஜ் இல்லை. இளையவன் அழுகிறான். ஏதாவது பாடலாம் என்றால், இத்தனை ஆண்டு பாட்டுக் கேட்டவனுக்கு ஒரு பாட்டும் முழுதாக நினைவில் வரவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தமிழ்த்தாய் வாழ்த்து. நாள்தோறும் காலை வணக்கக் கூட்டத்தில் பாடுகிறோமே! அதையே மெதுவாக, தோளில் தட்டிக்கொண்டே பாடினேன். அழுகை நின்றது. 'இன்னொரு வாட்டி' என்றான். மீண்டும் பாடினேன். மறுபடி, 'இன்னொரு வாட்டி.'

இதற்கிடையில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மூத்தவள் பாயைவிட்டு எழுந்து இருட்டில் நேராக நிற்கிறாள். "இந்தப் பாட்டுக்கு நிக்கணும்பா, மிஸ் சொன்னாங்க." 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோது 55 விநாடிகளில் பாட வேண்டும், எழுந்து நிற்க வேண்டும் என்றுதான் அரசு சொன்னது. தாலாட்டாகப் பாடினால் என்ன செய்வது என்று அதில் இல்லை. அன்றிரவு பத்துத் தடவைக்கு மேல் பாடியிருப்பேன். மூத்தவள் நாலைந்து முறை நின்றாள், பிறகு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

செயலியின் பட்டியலில் இந்தப் பாட்டு இல்லை. என் வாயால் பாடியதை அது எப்படி எண்ணும்? ஆனால் என் மகன் அந்த ஆண்டில் என்னிடம் மிகுதியாகக் கேட்ட சொல், 'இன்னொரு வாட்டி.' முதலில் அலுத்தது. பிறகுதான் கவனித்தேன். ஒவ்வொரு முறையும் அவன் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தான். முதலில் கேட்டான். பின்பு ஓசைக்குக் கால் ஆட்டினான். பின்பு அடியின் கடைசிச் சொல்லை மட்டும் என்னோடு சொன்னான். நான் வேண்டுமென்றே நிறுத்தினால் அந்தச் சொல்லை அவனே போட்டான். நமக்கு அது ஒரே பாட்டு. அவனுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு படி.

ஆய்வாளர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் பிற பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே நாடுவதை 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் காட்டினர். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், இன்னொரு பிரிவினருக்கு வேறு வேறு கதைகளைப் படித்தார்கள். புதிய சொற்களைக் கேட்ட எண்ணிக்கை இரு பிரிவுக்கும் ஒன்றே. ஆனால் ஒரே கதையைக் கேட்டவர்களே சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள்.

எனக்குத் தாலாட்டும் வேண்டும் என்று தோன்றியது. உத்திரமேரூர் பக்கம் கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்கு போன் செய்து, எனக்குப் பாடிய தாலாட்டைச் சொல்லச் சொன்னேன். இரண்டு அடி வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. "சும்மா குந்திக்கினு பாடுன்னா எப்பிட்றா வரும்?" என்றார். பொங்கலுக்கு வந்தார். பழைய புடவையில் தூளி கட்டி, பேரனைப் போட்டு, கையால் ஆட்டினார். ஆட்ட ஆட்ட அடிகள் ஒவ்வொன்றாக வந்தன. எழுதிக்கொள்ள நான் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னதும் பாட்டும் நின்றது. பாட்டு அவர் கையிலும் இருந்திருக்கிறது.

'தால்' என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு என்று எத்தனை முறை வகுப்பில் சொல்லியிருப்பேன்! பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் தால் பருவம், கைகொட்டும் சப்பாணிப் பருவம், நிலவை அழைக்கும் அம்புலிப் பருவம் என்று வரிசையாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஒரு பெரியவர் அருகிலிருந்து பாட, குழந்தை உடம்பை அசைத்துக் கேட்பதைத்தான் அந்த இலக்கணம் பெயரிட்டு வைத்திருக்கிறது என்பது அந்தத் தூளியின் அருகில்தான் புரிந்தது.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பில் செய்யுளை நான் நடத்திய முறை இது: ஒரு முறை படிப்பேன். உடனே சொற்பொருள், பாடலின் பொருள், இலக்கணக் குறிப்பு, வினா விடை. மனப்பாடம் வீட்டில். மாணவர் காதில் செய்யுள் விழுந்ததே அந்த ஒரு முறைதான். வீட்டில் 'இன்னொரு வாட்டி'க்கு இணங்கியவன் பள்ளியில் அதற்கு இடமே வைக்கவில்லை.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு மாற்றினேன். ஒரு வாரம் ஒரே செய்யுள். பாடவேளையின் முதல் ஐந்து நிமிடம் சேர்ந்து பாடுவது, தாளம் தட்டுவது, கடைசிச் சொல்லை நான் விழுங்கிவிட்டு அவர்களை நிரப்பச் சொல்வது. பொருளுக்கு மூன்றாம் நாள்தான் போவேன். அதற்குள் 'சார், இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?' என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்துவிடும். எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். எழுத்துப்பிழைகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் வாசிக்கத் திணறும் மாணவர்களும் வாய் திறந்தார்கள்.

பிறகு, 'வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாலாட்டுக் கொண்டுவாருங்கள்' என்றேன். பலர் கொண்டுவந்தார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து தலைகுனிந்து நின்றாள். பெற்றோர் ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். என் வகுப்பில் அவள் அதுவரை தானாகப் பேசியதில்லை. "எங்க பாட்டு தமிழ்ல இல்ல சார்." பரவாயில்லை, பாடு என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நான்கு அடி பாடினாள். எங்கள் யாருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் சொன்னான்: "இன்னொரு வாட்டி பாடு." இம்முறை எங்களைப் பார்த்துப் பாடினாள். மறுநாள் அந்த நான்கு அடிக்கும் பொருளைத் தமிழில் அவளே சொன்னாள். அவள் எனக்கு ஏழு மாதமாக மாணவி. அதற்குமுன் அவளிடம் இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை.

எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் நாள்தோறும் ஆடிப்பாடும் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு இவற்றில் பாதி பழைய செய்தி. மேல் வகுப்புகளில் இருக்கும் என் போன்றவர்களிடம் மூன்று வேண்டுகோள். பாடலை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து, பாடும் தடவையைக் கூட்டுங்கள். ஒலிப்பதிவு இருந்தாலும் ஒருமுறையாவது உங்கள் சொந்தக் குரலில் பாடுங்கள். குரல் நன்றாக இல்லை என்று பிள்ளைகள் கோபிப்பதில்லை, என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். அந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன பாட்டு இருக்கிறது என்று கேளுங்கள், மதிப்பெண் போடாமல் கேளுங்கள்.

என் மகன் இப்போது 'தண்ணி' என்கிறான், அதற்கு மேலும் நிறையப் பேசுகிறான். பாட்டால்தான் பேச்சு வந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். பேச்சு வரும் வயதும் வந்துவிட்டது. அம்மாவின் தாலாட்டில் இன்னும் சில அடிகள் எனக்குத் தெரியாது. கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறோம், தூளியும் எடுத்துப் போகிறோம்.