வைத்தியம் என்றால் டாக்டர் மட்டும்தானா?

(கெடா தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில், தோட்டக் கிராணியும் தொழிற்சங்க ஊழியருமான ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



தோட்டத்தில் ஒரு பிள்ளை நன்றாகப் படித்தால், "டாக்டருக்குப் படி" என்கிறோம். மார்க்குக் கொஞ்சம் குறைந்தால், "பேக்டரிக்குப் போ" என்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய பாதை ஒன்று இருக்கிறது. அதை நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டுவதே இல்லை. அந்தப் பாதைக்குச் சுகாதார அறிவியல் என்று பெயர். பட்டப்படிப்பு அது. அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

காலைப் பெரட்டு முடிந்ததும் செக்ரோலில் பேர் பதிவது கிராணிகளாகிய நம் வேலை. வந்தவர் யார், வராதவர் யார் என்று எழுதுகிறோம். ஏன் வரவில்லை என்பதை அந்தக் கட்டம் கேட்பதில்லை. பால் வாளி தூக்கியவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டிருக்கும். மருந்துத் தோம்பை முதுகில் சுமந்த அக்காளுக்குக் கண் எரிச்சலும் மேலெல்லாம் அரிப்புமாக இருக்கும். ஸ்டோரில் அமிலம் கலக்குகிறவருக்கு இருமல் விடாது. கணக்கில் எல்லாம் ஒரு நாள் சம்பளம் போனது என்ற ஒரே வரிதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைத் தேடி, அளந்து, நோய் வருமுன் தடுக்க வழி சொல்வதும், வந்தபின் மனிதனை மறுபடி நிமிர்த்தி நிறுத்துவதும் இந்தப் படிப்பின் வேலை.

இது புதிய சங்கதியன்று. நம் பாட்டன்மார் வந்த காலத்தில் தோட்டங்களில் ஆளை வாரிக்கொண்டு போனது மலேரியாக் காய்ச்சல். 1897-ல் இந்தியாவில், செகந்தராபாத்தில், ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலுக்குள் கண்டார். 1901-ல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வெட்டி வடிகால் போட்டுக் கொசுவின் இருப்பிடத்தையே ஒழிக்கத் தொடங்கினார். கொயினா மருந்து காய்ச்சல் கண்டவனைக் காத்தது. வடிகாலோ காய்ச்சலே வராமல் காத்தது. பூச்சியைப் படித்தவனும் தண்ணீரைச் சோதித்தவனும் உயிர் காத்தவர்கள்தாம் என்பதற்கு நம் தோட்டங்களே சாட்சி.

நம் காலத்து உதாரணம் ஒன்றும் உண்டு. களைக்கு அடிக்கும் பாராகுவாட் மருந்தைத் தெரியாதவர் இங்கே இல்லை. மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். "தலை சுற்றுகிறது" என்று அவர்கள் சொன்னபோது, "வெயிலாயிருக்கும்" என்ற பதில்தான் கிடைத்தது. 2002-ல் தெனாகனித்தா அமைப்பு, தோட்டங்களில் நச்சு மருந்தால் வரும் கேட்டைப் பற்றி ஆய்வொன்றை வெளியிட்டது. அவ்வாண்டே அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006-ல் தடை தளர்ந்தது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில்தான். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? வலியைச் சொன்னால் மட்டும் போதாது. அதை அளந்து எழுதிக் காட்டவும் ஆள் வேண்டும். அந்த ஆள் நம் லயத்தில் பிறந்த பிள்ளையாக இருந்தால், எதைக் கேட்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

என்னென்ன வேலைகள் என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் தோட்டத்துக்கு டிரெஸர்தான் எல்லாம். அவர்களைப் பதிவு செய்யவென்றே 1965-ல் சட்டம் வந்தது. இன்று துணைச் சுகாதாரத் தொழில்கள் பலவாக விரிந்துவிட்டன. 2016-ல் இயற்றப்பட்டு 2020-ல் அமலுக்கு வந்த துணைச் சுகாதாரத் தொழில் சட்டம் 23 தொழில்களை வரிசைப்படுத்துகிறது. உடற்பயிற்சி சிகிச்சை தருபவர், எக்ஸ்ரே எடுப்பவர், இரத்தம் சோதிக்கும் ஆய்வுக்கூட விஞ்ஞானி, உணவு முறை வகுப்பவர், செவித்திறன் சோதிப்பவர், சுற்றுப்புறச் சுகாதார அதிகாரி ஆகியோர் அதில் அடக்கம். சொக்சோ 2014-ல் மலாக்காவில் புனர்வாழ்வு மையம் திறந்தது. வேலையில் அடிபட்ட தொழிலாளியை மறுபடி நடக்க வைப்பவர்கள் அங்கே இப்படிப் படித்தவர்களே.

எங்கே படிப்பது? நம் கெடாவிலேயே, ஜெராய் மலை தெரியும் தூரத்தில், செமலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1984-ல் அமைந்த எம்.ஐ.இ.டி. கல்வி நிறுவனம் அதனை 2001-ல் தொடங்கிற்று. சுங்கை பட்டாணி அமான்ஜெயாவில் தற்காலிகக் கட்டடத்தில் தொடங்கிப் பின்பு செமலிங்கில் நிலைகொண்டது. அது தனியார் பல்கலைக்கழகம்; கட்டணத்தை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் கிளந்தான் குபாங் கெரியானில் சுகாதார அறிவியல் பள்ளி நடத்துகிறது. தேசியப் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. கட்டணம் அங்கே பெரிதும் குறைவு.

பெற்றோரே, மூன்று விஷயங்களைக் கவனத்தில் வையுங்கள்.

ஒன்று, பாதை நான்காம் பாரத்திலேயே தொடங்குகிறது. உயிரியல், இரசாயனம், கணிதம் எடுக்காத பிள்ளை பின்னால் எவ்வளவு ஆசைப்பட்டாலும் கதவு சுலபத்தில் திறக்காது. மலாய் மொழியிலும், 2013 முதல் சரித்திரத்திலும் தேர்ச்சியில்லாமல் எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை. அதன்பின் ஆறாம் பாரம் போகலாம், மெட்ரிகுலேஷன் போகலாம். சங்லூனில் கெடா மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. இவ்விரண்டும் செலவு குறைந்த வழிகள். தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலப் புத்தகம் முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். தினம் பத்துச் சொல் என்று எழுதிப் படித்தால் மலைப்பு தீரும்.

இரண்டு, பளபளப்பான விளம்பரத்தைக் கண்டு பணத்தைக் கட்டிவிடாதீர்கள். அந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேற்சொன்ன சட்டத்தின்கீழ் தொழிலுக்குப் பதிவு பெற அந்தப் பட்டம் செல்லுமா என்று கேளுங்கள். செல்லாத பட்டத்துக்கு வாங்கிய கடனும் கடன்தான். தாலிக்கொடியை அடகு வைக்குமுன் ஒரு கடிதம் எழுதிக் கேட்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

மூன்று, 1997-ல் அமைந்த பி.டி.பி.டி.என். கல்விக் கடன் தருகிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு வெள்ளி கட்டணம். இது தானமன்று, திருப்பிச் செலுத்த வேண்டிய பணம். தேவையானதை மட்டும் வாங்கி, வேலை கிடைத்ததும் ஒழுங்காகக் கட்டுவதென்று பிள்ளையிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

"பெண்பிள்ளையைக் கிளந்தானுக்கா அனுப்புவது?" என்று ஓர் அண்ணன் முணுமுணுப்பது கேட்கிறது. அண்ணே, நம் பாட்டிமார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, எழுதப் படிக்கத் தெரியாமல், முன்பின் அறியாத காட்டுக்கு வந்தார்கள். பேத்திக்கோ பஸ் இருக்கிறது, ஹாஸ்டல் இருக்கிறது, கையில் டெலிபோன் இருக்கிறது. பாட்டிக்கு இருந்த தைரியம் அப்பனுக்கு இல்லையென்றால் நியாயமா?

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சம்பளமும் வீடும் கேட்பது நம் கடமை, அதை விடப்போவதில்லை. ஆனால் ரப்பர் போய்ச் செம்பனை வருகிறது. தோட்டம் போய் வீடமைப்புத் திட்டம் வருகிறது. லயம் நமக்குச் சொந்தமன்று. பிள்ளை பெற்ற படிப்போ எந்தக் கொம்பனி விற்றாலும் போகாத சொத்து. ஆகவே கிளைதோறும் விவரம் தெரிந்த ஒருவரை நியமியுங்கள். விண்ணப்பப் பாரம் நிரப்பவும், தேதி தவறாமல் அனுப்பவும், பதிவேட்டைப் பார்த்துச் சொல்லவும் அவர் உதவட்டும். கிராணிமார்களே, எழுத்து வேலை நமக்குப் புதிதன்று; முதலில் நாம் முன்வருவோம்.

இந்த வருஷம் கிளைக்கு ஒரு பிள்ளை போதும். போன பிள்ளை அடுத்த பிள்ளைக்கு வழி காட்டும்.