"இருபதுதானே ஜாஸ்தி?": பிரேக் பிடிக்கும்போது நடக்கும் கணக்கு

போன வாரம் ராத்திரி பதினோரு மணி இருக்கும். ஓஎம்ஆர்ல பைக்ல வந்துட்டிருந்தேன், வேகம் அறுபது. திடீர்னு முன்னாடி ஒரு லாரி. பின் லைட் எரியாம நின்னுட்டிருக்கு. அழுத்திப் பிரேக் பிடிச்சேன். வண்டி நின்னப்போ முன்சக்கரத்துக்கும் லாரிக்கும் நடுவுல ஒரு முழம்தான் இருந்தது.

மறுநாள் நண்பன்கிட்ட, "நல்லவேளை, எண்பதுல வரலைடா"ன்னு சொன்னேன். அவன் சிரிச்சுட்டு, "இருபதுதானே ஜாஸ்தி? இருபது வேகத்துல போய் லேசா இடிச்சிருப்ப, அவ்வளவுதான்"னான்.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா தப்பு. எவ்வளவு பெரிய தப்புன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

ஸ்கூல்ல இயக்க ஆற்றல்னு ஒண்ணு படிச்சோம். அரை எம் வி ஸ்கொயர். ஓடுற பொருள்கிட்ட இருக்கிற ஆற்றல் அதோட எடையைப் பொறுத்தது, அப்புறம் வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் ரெண்டு மடங்கானா ஆற்றல் நாலு மடங்கு. மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிட்டு, அந்த 'ஸ்கொயரை' அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்.

இந்த வர்க்கம் சும்மா வந்துடல. வேகமா, வேகத்தோட வர்க்கமான்னு ஐரோப்பாவுல பல வருஷம் சண்டை நடந்திருக்கு. 1720-கள்ல ஸ்கிராவெசாண்டேன்னு ஒரு டச்சு விஞ்ஞானி, பித்தளைக் குண்டுகளை வேற வேற உயரத்துல இருந்து களிமண் மேல போட்டுப் பார்த்தார். ரெண்டு மடங்கு வேகத்துல விழுந்த குண்டு நாலு மடங்கு பள்ளம் பண்ணுச்சு. அந்தச் சோதனையை ஆதாரமா எடுத்துக்கிட்டு வர்க்கத்தோட பக்கம் வாதாடினவங்க எமிலி து ஷாத்லேங்கிற பிரெஞ்சுப் பெண்மணி. நியூட்டனோட பிரின்சிபியாவை பிரெஞ்சுல மொழிபெயர்த்ததும் அவங்கதான்.

சரி, நம்ம லாரிக்கு வருவோம். ரெண்டு பைக் பக்கத்துல பக்கத்துல வருதுன்னு வச்சுக்கோங்க. ஒரே எடை, ஒரே டயர், ஒரே பிரேக். ஒண்ணு அறுபது, இன்னொண்ணு எண்பது. ஒரே இடத்துல ரெண்டு பேரும் பிரேக் பிடிக்கிறாங்க.

பிரேக் வேகத்தைக் குறைக்குதுன்னு நாம நினைக்கிறோம். உண்மையில அது ஆற்றலைக் கரைக்குது. உராய்வு விசை ஒரு மீட்டர் தூரத்துக்கு இவ்வளவுன்னு ஆற்றலை எடுத்துக்கும். எடுத்தது சூடா மாறிடும். வண்டி எந்த வேகத்துல வந்தாலும், ஒரு மீட்டருக்கு எடுக்கிறது ஏறக்குறைய அதே அளவுதான்.

இப்ப கணக்கு. அறுபதோட வர்க்கம் 3600. எண்பதோட வர்க்கம் 6400. முதல் வண்டி நிக்கிற இடத்துல அதோட 3600-ம் காலி. அதே தூரத்துல ரெண்டாவது வண்டியும் அதே 3600-ஐத்தான் இழந்திருக்கும். மீதி 2800. அதோட வர்க்கமூலம் எடுத்தா கிட்டத்தட்ட 53.

புரியுதா? அறுபதுல வந்தவன் நின்னுட்டான். அதே இடத்தை எண்பதுல வந்தவன் மணிக்கு 53 கிலோமீட்டர் வேகத்துல தாண்டுறான். அந்த வேகத்துல இடிக்கிறது, சுமார் 11 மீட்டர் உயரத்துல இருந்து கீழ விழுறதுக்குச் சமம். அதாவது மூணு மாடிக்கு மேல.

இதுலயும் ஒரு சலுகை கொடுத்திருக்கேன். லாரியைப் பார்த்து, மூளை சுதாரிச்சு, கை பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆகும்னு வைங்க. அறுபதுல அந்த ஒரு விநாடிக்குள்ள வண்டி 17 மீட்டர் போயிடும். எண்பதுல 22 மீட்டர். இதையும் சேர்த்தா, காய்ஞ்ச நல்ல ரோட்டுலகூட ரெண்டாவது ஆள் லாரியை இடிக்கிற வேகம் சுமார் அறுபது. முதல் ஆள் பிரேக்கே பிடிக்காம போய் இடிச்ச மாதிரி! மழை பெஞ்ச ரோடுன்னா உராய்வு குறையும், நிக்கிற தூரம் இன்னும் நீளும்.

கடைசியா ஹெல்மெட். அதுவும் இதே கணக்குதான். தலையோட ஆற்றல் எவ்வளவு தூரத்துல கரையுதோ, அதைப் பொறுத்துத்தான் விசை. தலை நேரா ரோட்டுல மோதினா சில மில்லிமீட்டர்லயே நிக்கணும். விசை பயங்கரமா இருக்கும். ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிற தெர்மாகோல் மாதிரியான பகுதி நசுங்கி, ரெண்டு மூணு சென்டிமீட்டர் தூரம் கொடுக்குது. அதனால விசை பல மடங்கு குறையுது. நசுங்குறதுதான் அதோட வேலை. ஒரு தடவை பலமா அடிபட்டா, வெளியில கீறல் இல்லைனாலும் மாத்திடுங்க. ஸ்ட்ராப் போடலைனா மோதுறப்போ ஹெல்மெட் தனியா, தலை தனியா போகும். அதுதான் நிலைமம். டேங்க் மேல வச்ச ஹெல்மெட் டேங்கைத்தான் காப்பாத்தும்.

நண்பனுக்கு இந்தக் கணக்கை ஒரு டீக்கடை பில்லுக்குப் பின்னாடி எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரிடா, ஆனா லேட் ஆகுதே?"ன்னான். அதையும் போட்டுப் பார்த்தோம். பத்து கிலோமீட்டர் போக அறுபதுல பத்து நிமிஷம். எண்பதுல ஏழரை. மிச்சம் ரெண்டரை நிமிஷம். நாங்க அந்த டீயைக் குடிச்சு முடிக்கவே அதைவிட அதிக நேரம் ஆச்சு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். ஸ்ட்ராப் போட்டுட்டுக் கிளம்புங்க.