முதனிலைத் தேர்தலும் நம் கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றி இம்மேடையில் பலரும் சிறப்பாகப் பேசினார்கள். கற்ற கல்வியை எங்கே பயன்படுத்துவது என்பதைப் பற்றிப் பேசுமாறு நமக்குப் பணித்திருக்கிறார்கள். அதற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் தேர்தல். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடக்கின்ற பெருந்தேர்தலைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. அதற்கு முன்னே, ஆரவாரமின்றி, சிலர் மட்டுமே வந்து முடித்துவிட்டுப் போகின்ற சிறு தேர்தலைப் பற்றியே பேசப் போகிறோம். இறுதித் தேர்தலில் யார் யார் நிற்கலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யும் தேர்தலுக்கு முதனிலைத் தேர்தல் என்று பெயர். அமெரிக்க நாட்டில் அது இன்றும் நடைமுறையில் உள்ளது. அது நமக்கு அயலான செய்தி என்று எண்ணிவிட வேண்டா. நம் பாட்டனார் காலத்தில், நம் மக்களுக்கென்றே, இந்நாட்டிலும் முதனிலைத் தேர்தல் ஒன்று இருந்தது.

அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை வெளியிட்டார். தாழ்த்தப்பட்ட மக்கள் தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி முறை அதில் இடம்பெற்றது. அதனை எதிர்த்துக் காந்தியடிகள் செப்டம்பர் 20ஆம் நாள் எரவாடா சிறையில் உண்ணா நோன்பு தொடங்கினார். 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அண்ணல் அம்பேத்கருடன் நம் சென்னை மாகாணத்து இரட்டைமலை சீனிவாசனாரும் எம். சி. ராஜாவும் அதில் கையொப்பமிட்டனர். மாகாணச் சட்டமன்றங்களில் நமக்குரிய இடங்கள் 148 என்றாயின. அவற்றுள் 30 சென்னை மாகாணத்துக்கு உரியவை. ஆனால் இறுதி வாக்கு எல்லோர் கைக்கும் போயிற்று.

அந்த இழப்புக்கு ஈடாக வைக்கப்பட்டதே முதனிலைத் தேர்தல். ஒதுக்கப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் முதலில் நம் வாக்காளர்கள் மட்டும் கூடி வாக்களிப்பார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு. மிகுதியான வாக்குப் பெறும் நால்வரே வேட்பாளர்கள். அந்நால்வருள் ஒருவரைப் பின்னர் ஊரார் அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். ஒப்பந்தப்படி இவ்வேற்பாடு பத்தாண்டுகளுக்கு உரியது. 1937இலும் 1946இலும் நடந்த மாகாணத் தேர்தல்கள் இம்முறையைப் பின்பற்றியே நடந்தன.

இதன் நன்மையும் குறையும் என்ன? வகுப்பறைக் கணக்கு ஒன்றைச் சொன்னால் எளிதில் விளங்கும். நம் மக்கள் ஆயிரம் பேர் வாக்களித்ததாகக் கொள்வோம். முதல்வர் 700 வாக்குப் பெறுகிறார். மற்ற மூவரும் ஆளுக்கு 100 பெறுகின்றனர். நம் மக்கள் விரும்பியவர் யார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நான்காமவருக்கும் பட்டியலில் இடமுண்டு. இறுதித் தேர்தலில் பிறர் வாக்குகள் அவருக்குக் குவிந்தால், நம்மில் பத்தில் ஒருவருக்கு உடன்பாடான அவரே நம் பெயரால் சட்டமன்றம் செல்வார். அண்ணல் அம்பேத்கர் இக்குறையைத்தான் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டினார். முதனிலையில் முந்தியவர் இறுதியில் பிந்துகிறார் என்பதே அவருடைய வாதம். மேலும், வேட்பாளர்கள் நால்வருக்கு மேற்படாத தொகுதிகளில் முதனிலைத் தேர்தல் நடக்கவே இல்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொத்து, வரி, கல்வி ஆகியவற்றைக் கொண்டே வாக்குரிமை அளந்து தரப்பட்டது. மொத்த மக்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் அளவுக்கே அது கிடைத்தது. சொத்தும் எழுத்தும் மறுக்கப்பட்ட நம் மக்களுள் எத்தனை பேருக்கு அது கிட்டியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, கடல் கடந்து அமெரிக்காவின் தென்பகுதியைப் பார்ப்போம். அங்கே கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை 1870இலேயே அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. எனினும் டெக்சாஸ் போன்ற தென் மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி ஒன்றே வெல்லும் கட்சி. அக்கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்றவர் பொதுத் தேர்தலிலும் வென்றவர் போலத்தான். ஆதலின் ஆதிக்கக்காரர்கள் பெரிய வாயிலைத் திறந்து வைத்துவிட்டுச் சிறிய வாயிலை அடைத்தார்கள். கறுப்பர் எவரும் ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்கலாகாது என்று 1923இல் டெக்சாஸ் சட்டமே இயற்றியது.

எல் பாசோ என்னும் ஊரில் லாரன்ஸ் நிக்சன் என்ற கறுப்பின மருத்துவர் இருந்தார். 1924 ஜூலையில், தேர்தல் வரி கட்டிய சீட்டைக் கையில் ஏந்தி அவர் வாக்குச்சாவடிக்குச் சென்றார். அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 1927இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உடனே மாநிலம் சட்டத்தை மாற்றியது. அவர் மீண்டும் வழக்காடி 1932இல் மீண்டும் வென்றார். அதன்பின் கட்சியே தன் மாநாட்டில் தடைத் தீர்மானம் போட்டுக்கொண்டது. கட்சி தனியார் அமைப்பு என்று கூறி 1935இல் உச்ச நீதிமன்றமும் அத்தடையை ஏற்றது. அத்துடன் போராட்டம் ஓயவில்லை. ஹூஸ்டன் நகரத்துப் பல் மருத்துவர் லோனி ஸ்மித் என்பவருக்காகத் தர்குட் மார்ஷல் முதலிய வழக்கறிஞர்கள் வாதாடினர். 1944 ஏப்ரல் 3ஆம் நாள் வெள்ளையர் முதனிலைத் தேர்தல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் மருத்துவர் நிக்சன் தம் துணைவியாருடன் சென்று வாக்களித்தார். ஒரே ஒரு வாக்குக்காக இருபது ஆண்டுகள்! அரசு விடுமுறையும் தந்து, பள்ளிக்கூடத்திலேயே வாக்குச்சாவடியும் அமைத்துக் கொடுத்தால் வெயிலைக் காரணம் காட்டித் திண்ணையில் அமர்ந்திருப்போர் இந்த இருபது ஆண்டுகளைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒரு செய்தி உண்டு. டெக்சாசின் போர்ட் பெண்ட் வட்டாரத்தில் ஜேபேர்ட் சங்கம் என்றொரு வெள்ளையர் சங்கம் 1889 முதல் இருந்துவந்தது. அரசாங்கத் தேர்தலுக்கு முன்பே அச்சங்கத்தார் தமக்குள் ஒரு தேர்தல் நடத்தி வேட்பாளரை முடிவு செய்வர். அவரே பின்னர் பெரும்பாலும் போட்டியின்றிப் பதவிக்கு வருவார். ஏட்டில் வாக்குரிமை எல்லோருக்கும் உண்டு. முடிவு மட்டும் சங்கத்தின் அறையில். 1953இல்தான் உச்ச நீதிமன்றம் அதனையும் தடுத்தது.

அன்பு இளைஞர்களே! இந்தக் கதையைக் கேட்கும்போது உங்களுக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லையா? ஊர்க் கோயில் திடலில் கூடி, ஊராட்சித் தலைவர் பதவியை ஏலம் விட்டு, மிகுந்த தொகை கேட்டவரைத் தவிர வேறெவரும் மனுச் செய்யக் கூடாதென்று கட்டுப்பாடு விதிக்கும் வழக்கம் நம் தமிழகத்தில் இல்லையா? 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த காலத்திலும் அத்தகைய செய்திகள் நாளேடுகளில் வந்தன. தனித் தொகுதியாக்கப்பட்ட ஊராட்சிகளில் நம்முள் வாய் பேசாத ஒருவரைப் பெரிய தெருவார் தேடிப்பிடித்து நிறுத்துவதும் உண்டு. சட்டத்தில் இல்லாத முதனிலைத் தேர்தல்கள் இவை. நம்மைக் கேளாமல் நடப்பவை.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் 1996இல் நமக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுக் காலம் அங்கே தலைவர் பதவி நிலைக்கவில்லை. மனுச் செய்ய ஆளில்லாது போயிற்று. அல்லது வென்றவர் உடனே பதவி விலகச் செய்யப்பட்டார். 2006இல்தான் நிலைமை மாறியது. மேலவளவிலோ, மிரட்டலை மீறி நின்று வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும், துணைத் தலைவர் உள்ளிட்ட ஐவரும் 1997 ஜூன் 30ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஊராட்சித் தேர்தல் அற்பமானது என்று சொல்பவர்களுக்கு நாம் கூறும் விடை இதுதான். அற்பமான ஒன்றுக்காக எவரும் ஆறு உயிர்களைக் கொள்ளை கொள்வதில்லை.

சிறு தேர்தலில் ஒரு வாக்கின் எடை பெரிது என்பதும் நினைவில் நிற்க வேண்டும். 2018 ஜூனில் நியூயார்க் நகரின் ஒரு தொகுதியில் நடந்த முதனிலைத் தேர்தலில், பத்து முறை வென்ற கட்சித் தலைவர் ஒருவரை அலெக்சாண்டிரியா ஒகாசியோ கோர்ட்டெஸ் என்ற இளம்பெண் வென்றார். மதுக்கூடத்தில் பணியாளாக வேலை பார்த்தவர் அவர். ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் வாழும் அத்தொகுதியில் அன்று பதிவானவை முப்பதாயிரம் வாக்குகளுக்குள். வீடு வீடாகச் சென்று வாக்காளரை அழைத்து வந்தவர் பக்கம் வெற்றி சேர்ந்தது. நம் ஊராட்சி வார்டுகளில் பத்துப் பதினைந்து வாக்குகளே வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதை நாம் கண்டிருக்கிறோம். அந்த வார்டு உறுப்பினர்கள்தாம் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஊராட்சியின் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையொப்பமிட வேண்டும். தலைவர் நம்மவராக இருந்தும் தெருவிளக்கு எரியாத ஊர்களில் காரணத்தை எங்கே தேட வேண்டும் என்பது இப்போது விளங்கும்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை என்ன? முதலாவது, பெயர்ப் பதிவு. சட்டமன்ற வாக்காளர் பட்டியலை அடிப்படையாகக் கொண்டே உள்ளாட்சிப் பட்டியல் ஆயத்தமாகிறது. பதினெட்டு வயது நிரம்பியவர் படிவம் 6ஐ நிரப்பித் தருதல் வேண்டும். திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குச் சென்ற பிள்ளைகளின் பெயர் எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு வீடும் அறிந்திருத்தல் வேண்டும். படித்தவர்கள் மாலை நேரத்தில் தெருவுக்கு இருவராகச் சென்று இப்பணியைச் செய்யலாம்.

இரண்டாவது, கிராம சபை. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு முறை அதைக் கூட்டுவதென்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. அங்கே எழுந்து கணக்குக் கேட்பவரையே தேர்தல் நாளில் ஊர் நம்பும். கேளாதவரின் கையொப்பம் மட்டும் வருகைப் பதிவேட்டில் கிடப்பதால் பயனில்லை.

மூன்றாவது, நம் வேட்பாளரை நாமே ஆராய்ந்து நிறுத்துதல். தேர்தலுக்கு முன் தெருவார் யாவரும், பெண்களும் இளைஞர்களும் உட்பட, ஒன்றுகூடி வெளிப்படையாகப் பேச வேண்டும். நிற்பவர்களிடம் கேள்வி கேட்க வேண்டும். 21 வயது நிறைந்த எவரும் போட்டியிடலாம் என்பதால் படித்த தங்கைகளும் முன்வர வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. இக்கூட்டம் அறிவுரை சொல்லலாமே ஒழிய, எவரையும் மனுச் செய்யாதே என்று தடுக்கலாகாது. வாக்கை மொத்தமாக விலை பேசலாகாது. அப்படிச் செய்தால் நாமே ஒரு ஜேபேர்ட் சங்கமாகிவிடுவோம்.

நான்காவது, பிற தெருக்களிலும் நட்புக் கொள்ளுதல். பூனா ஒப்பந்தத்து முதனிலைத் தேர்தல் தந்த பாடம் இது. நம் வாக்கு நம்மவரை முன்னிறுத்தும். வெற்றிக்கு நியாயம் அறிந்த பிறர் வாக்கும் வேண்டும். பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படித்த தோழமையைத் தேர்தல் காலத்திலும் மறவாதிருக்க வேண்டும்.

பூனா ஒப்பந்தத்து முதனிலைத் தேர்தல் முடிந்துபோன ஏற்பாடு. அதன் இடத்தில் இன்று வயது வந்தோர் அனைவருக்கும் சமமான வாக்கு இருக்கிறது. அதைச் சிறு தேர்தலில் செலுத்தாதவர் பெருந்தேர்தலில் பிறர் வைத்த பட்டியலில் விரலை வைத்துவிட்டு வருவார். கழகம் தந்த எழுத்தறிவு அதற்காகவன்று. இவ்விழா முடிந்து ஊர் திரும்பும் ஒவ்வொருவரும் இந்த வாரத்திலேயே தம் வீட்டார் பெயர்களைப் பட்டியலில் சரிபார்க்குமாறு வேண்டுகிறோம்.